பெயர் வேண்டாத் தருமம்

(சீர்காழி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதுவே சுமைதாங்கி. விறகுக்கட்டைச் சுமந்து தனியே நடப்பவர் அதைத் தரையில் இறக்கினால், மீண்டும் தூக்கிவிடப் பிறர் கை வேண்டும். தோளளவு உயரமுள்ள கல்லில் இறக்கினாலோ, இளைப்பாறியபின் தாமே ஏற்றிக்கொண்டு போகலாம். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்டிரின் நினைவாக அவர்தம் குடும்பத்தார் இக்கற்களை நாட்டுவது வழக்கமாயிருந்தது. தங்கள் துயரத்தை, முன்பின் அறியாத வழிப்போக்கருக்கு உதவியாக அவர்கள் மாற்றினர். அங்கே சுமை இறக்குபவர் யாரையும் கேட்க வேண்டுவதில்லை. யாருக்கும் கடமைப்பட வேண்டுவதுமில்லை.

தருமத்தின் சிறப்பு இதிலேயே அடங்கியிருக்கிறது. கொடுத்தவர் முகம் தெரிந்தால் பெற்றவர் தலைகுனிய நேரிடும். தஞ்சை ஜில்லாவின் பண்ணையாள் முறையே இதற்குச் சான்று. கல்யாணத்துக்கும் இழவுக்கும் மிராசுதார் கொடுத்த நெல்லும் பணமும் தயவு என்ற பெயரால் வந்து, கடனாக நின்று, குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டிவைத்தன. அவர்களைக் காக்க 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

ஆயினும் பெரியோர் வெளிப்படையாகச் செய்த தருமத்தைக் குறைத்து மதிப்பது முறையன்று. சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்தார். அவர் பெயர் நிலைத்திருப்பது நியாயமே. ஆனால் கஞ்சித்தொட்டி நடைபெற விறகு வேண்டும், தண்ணீர் வேண்டும், விடியுமுன் அடுப்பருகே நிற்பவரும் வேண்டும். பெயர் விளங்காத அத்தகையோர் உழைப்பின்றி ஒருவர் பொருள் பலர் பசியைத் தீர்ப்பதில்லை.

கூட்டுறவுச் சங்கம் இவ்வகைத் தருமத்துக்கு மிகவும் ஏற்றது. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், நிகர லாபத்தில் கால்பாகத்தை ஒதுக்கு நிதியில் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தருமகாரியத்துக்கு அளிக்க இடங்கொடுத்தது. அவ்வாறு கொடுக்கும் ரூபாயில் எவர் பங்கு எது என்று பிரித்தறிய இயலாது. ஐந்து மா நிலமுடையவரும் ஐந்து வேலி உடையவரும் அதில் ஒன்றாகவே மறைந்து நிற்பர்.

லாபமில்லாத சங்கத்துக்கும் வழி உண்டு. உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டுவைப்பது நம் பெண்மணிகள் அறிந்த பிடியரிசி முறை. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், 100 வீடுகளில் 30 நாட்களில் 150 கிலோ சேரும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்து ஊர்களும் வயல்களும் நீரில் மூழ்கின. அத்தகைய நாளில் முன்பே சேர்த்துவைத்த அரிசியே அடுப்பில் முதலில் ஏறும்.

இதற்கு மூன்று விதிகள் போதும். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதலாகாது. பெறுபவரிடம் ஊரும் ஜாதியும் வினவலாகாது. வரவு செலவை மட்டும் ஒரு மணியும் விடாமல் புத்தகத்தில் பதிந்து, பொதுக்குழுவில் படித்துக் காட்ட வேண்டும். பெயர் மறையலாம், கணக்கு மறையலாகாது.

சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் அளவில் ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்குழுவில் இதைப்பற்றித் தீர்மானம் செய்வது நலம். சித்திரை வெயிலுக்கு முன், பஸ் நிற்குமிடத்தில் நிழற்பந்தல் ஒன்றும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நிறைந்த மூடிய பானை ஒன்றும் வைப்பதே முதற்காரியமாகலாம்.