கமராவும் பறவைக் கூடும்

துப்பாக்கி ஏந்திக் காட்டினுட் புகுவோனைக் கொடியவன் என்கிறோம். கமரா ஏந்திப் புகுவோனைச் சாதுவென்று கொள்கிறோம். இது முற்றிலும் சரிதானா?

1956, 1957 ஆம் ஆண்டுகளில் கை மவுண்ட்ஃபோர்ட் என்பவரின் தலைமையிற் பிரித்தானியப் பறவையியலார் குழுவொன்று தென் ஸ்பெயினிலுள்ள கோட்டோ டொஞானாவுக்குச் சென்றது. குவாடல்கிவிர் ஆறு கடலோடு கலக்கும் சதுப்புநிலம் அது. ஸ்பானிய இராசக் கழுகு கூடுகட்டும் இடங்களுள் ஒன்று. குழுவின் படப்பிடிப்பாளர் எரிக் ஹொஸ்கிங். 1937 இல் வேல்ஸ் நாட்டில், குஞ்சுகளைக் காத்துநின்ற ஆந்தையொன்றின் நகம் பட்டு இடக்கண்ணை இழந்தவர். இழந்தபின்னும் இத்தொழிலை விட்டாரல்லர்.

அக்காலத்திற் கூட்டை அணுகாமற் படமெடுத்தல் அரிது. ஆகவே துணியால் ஒரு மறைவுக் கூடாரத்தைத் தொலைவில் நாட்டி, நாளுக்குச் சிறிதாக அதனை நெருங்கச் செய்வர். பின்னர் இருவர் உட்புகுவர். ஒருவர் வெளியேறிச் செல்வார். ஆபத்து அகன்றதென்று நம்பித் தாய்ப்பறவை கூட்டுக்கு மீளும். பறவைக்கு எண்ணத் தெரியாதென்பதே இதன் அடிப்படை. (காகத்திடம் இது எப்போதும் பலியாது என்பாருமுளர்.)

இம்முறைக்கு வேண்டுவது பொறுமை. அவசரக்காரன் கூட்டை மறைக்கும் தழைகளை வெட்டிவிடுகிறான். தாயின் நிழலும் இன்றி, தழையின் நிழலும் இன்றி, அந்தலூசிய வெயிலில் இளங்குஞ்சு நெடுநேரம் பிழைத்திராது. அவன் மிதித்த வழியே நரி கூட்டைக் கண்டுகொள்ளுதலும் உண்டு. நெறியறிந்தவர் தழையை வெட்டார். நூலாற் கட்டி ஒதுக்கி, படம் எடுத்ததும் அவிழ்த்துவிடுவர். பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டம், அரிய பறவைகளின் கூட்டருகே உரிமம் இன்றி இடையூறு செய்தலைக் குற்றமாக்கியுள்ளது.

படங்களால் விளைந்த நன்மையையும் மறைத்தலாகாது. அப்பயணத்தைப் பற்றி 1958 இல் வெளிவந்த மவுண்ட்ஃபோர்ட்டின் நூலும் அதிலிருந்த ஹொஸ்கிங்கின் படங்களும் டொஞானாவை உலகறியச் செய்தன. 1963 இல் உலக வனவிலங்கு நிதியத்தின் உதவியோடு அங்கே நிலம் வாங்கப்பட்டது. 1969 இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

இன்றோ நெடுந்தூர வில்லைகள் மலிந்துவிட்டன. கூட்டருகே செல்லும் தேவை பொழுதுபோக்காளருக்கு இல்லையென்பதே என் துணிபு. ஆயினும், பதிவுசெய்த குரலை ஒலித்து இனப்பெருக்க காலத்துப் பறவையை வெளியே இழுப்பதும், அரிய கூட்டின் இருப்பிடத்தை அன்றைக்கே ஊரறியப் பரப்புவதும் புதிதாய் வந்த தீமைகள்.

பயணம் போகும் நேயர்களுக்கு ஓர் அடையாளம் கூறுகிறேன். அலகில் இரையுடன் வந்த பறவை கூட்டினுட் செல்லாது கிளைக்குக் கிளை தாவிக் கத்துமாயின், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள், இரை உள்ளே போய்ச் சேரும்வரை திரும்பாதீர்கள்.