ரந்தாவ் கடையும் வாப்பாவின் 555 புத்தகமும்

(நம் சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)





ஐம்பது ஆண்டுச் சாதனைகளைப் பேசுவதற்கு இந்த மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'நாங்கள் வளர்ந்த வீடு'. நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர், தங்கை ஒருத்தி, ஆக மூவர். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் கடை வைத்திருந்தவரின் பிள்ளைகள். மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் பேச்சு மூவருடையது. நேற்று இரவு இதை வீட்டில் வாசித்தபோது தங்கை இரண்டு இடங்களில் திருத்தினாள். உம்மா ஓர் இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டது.

ரந்தாவ், சிரம்பானுக்கும் லிங்கிக்கும் இடையில் இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் லின்சம், சிலியாவ் என்று தோட்டங்கள். மலாய் மொழியில் 'மெரந்தாவ்' என்றால் பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போவது. சுமத்ராவிலிருந்து வந்து நெகிரி செம்பிலானில் குடியேறிய மினங்கபாவ் மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிய சொல் அது. நம் கடற்கரை ஊர்களில் இதையே 'சபர்' என்பார்கள், போனவரைச் 'சபராளி' என்பார்கள். எங்கள் தாதாவும் ஒரு சபராளிதான். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகுவதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, சிரம்பானில் ஒரு கடையில் சில காலம் வேலை செய்துவிட்டு, பிறகு ரந்தாவ் பக்கம் தோட்டத்து ஓரத்தில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை போட்டார்.

தோட்டத்துக் கடை எப்படி ஓடும் என்பது இங்கே இருக்கிற இளைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. மரம் சீவாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத நாளிலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்? அரிசி, சீனி, நெத்திலி, மண்ணெண்ணெய் எல்லாம் கடையிலிருந்து கடனாகப் போகும். மரங்கள் இலை உதிர்க்கிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறையும், கடன் கூடும். சம்பளம் போட்ட நாளில் வந்து தீர்ப்பார்கள், தீர்க்க முடியாதவர்கள் பாதியைக் கட்டுவார்கள். இத்தனைக்கும் ஆதாரம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு 555 புத்தகம். கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

தாதா எங்களுக்கு அடிக்கடி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனபோது, தோட்டங்களிலிருந்து பலர் ஊர் திரும்பினார்கள். இந்த மண்ணிலேயே முப்பது வருடம் மரம் சீவியவர்களும் அதில் இருந்தார்கள். கப்பலுக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்திருக்கிறார்கள். பணம் இருந்தவர்கள் கட்டினார்கள். ஒருவரிடம் பணம் இல்லை, தன் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு நின்றார். தாதா சைக்கிளை வாங்கிக்கொள்ளவில்லை. "பொருந்திக்கிட்டேன், போய்ட்டு வாங்க" என்றாராம். திரும்பி வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் 'போய்ட்டு வாங்க' என்றுதான் சொன்னாராம்.

தாதாவுக்குப் பிறகு வாப்பா கடையைப் பார்த்தார். நாங்கள் பிறந்து வளர்ந்தது அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தமும், வாப்பா சுப்ஹு தொழுதுவிட்டுக் கடைப் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிற சத்தமும்தான் எங்களுக்குக் கடிகாரம். நோன்பு மாதத்தில் உம்மா காய்ச்சுகிற கஞ்சி தூக்குச்சட்டிகளில் லயத்துக்குப் போகும். தீபாவளிக்கு லயத்திலிருந்து முறுக்கும் அதிரசமும் வரும், கூடவே ஒரு கோழியும் வரும். உயிரோடுதான் கொண்டுவருவார்கள், "பாய் கையால அறுத்துக்கட்டும்" என்று. நமக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தார்கள், தெரிந்துகொண்டார்கள்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவ வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அதற்கு இத்தனை குடும்பங்கள் வேண்டியதில்லை. லயத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. 2003-இல் எங்கள் கடையும் மூடியது. கடைசி நாள் சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு வாப்பா விளக்குமாறு எடுத்து வாசலைக் கூட்டினார். "இடிக்கப் போற வீட்ட எதுக்குக் கூட்டுறீங்க?" என்று உம்மா கேட்டது. "நாம போறப்ப சுத்தமா இருக்கட்டும்" என்றார். சில மாதங்களில் வீடு இருந்த இடத்தில் செம்பனைக் கன்று நின்றது.

2019 நோன்புப் பெருநாள் கழிந்த வாரம். வாப்பா எங்களைப் பார்த்து, "ஒரு தடவ என்ன ரந்தாவுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். சிரம்பானிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. "அங்க என்ன வாப்பா இருக்கு, எல்லாம் செம்பனை. அடுத்த வாரம் பாப்போம்" என்றோம். அந்த வாரம் கடையில் சரக்கு இறங்கியது. அதற்கடுத்த வாரம் வேறொரு வேலை. வாப்பா மூன்று தடவை கேட்டார், நான்காவது தடவை கேட்கவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜூலையில் நாடே முடங்கிக் கிடந்தபோது, ஒரு வைகறையில் வாப்பா மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். வழக்கப்படி எங்களில் மூத்தவர் எழுந்து, "எங்கள் வாப்பாவுக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று அறிவித்தார். யாரிடம் அறிவித்தார்? வாப்பாவோடு முப்பது வருடம் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. வர முடியாத காலம். அந்த அறிவிப்பு எங்கள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

நாற்பதாம் நாள் கழித்து வாப்பாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தோம். உள்ளே 555 புத்தகங்கள். அவற்றில் பெயர்களே இல்லை. 'மேட்டு லயம் முதல் வீடு', 'தண்ணித் தொட்டி வீடு', 'கோழி அக்கா', 'லாரிக்கார அண்ணன்' என்றுதான் எழுதியிருந்தார், அதுவும் லயத்தில் வீடுகள் இருந்த வரிசைப்படியே. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மேட்டு லயம் வரைக்கும் போய்த் திரும்பியது போல இருந்தது. எங்களிடம் அந்தத் தோட்டத்தின் படம் ஒன்றுகூடக் கிடையாது. வாப்பாவின் கடன் புத்தகம்தான் படம்.

கூட்டிப் பார்த்தால் வரவேண்டிய பாக்கி நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி. இங்கே ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தொழில் படுத்துக் கிடந்தது, கடை வாடகையே பாக்கி. "கேட்டுப் பார்த்தால் என்ன?" என்று எங்களில் ஒருவர் சொன்னார். "கேட்டால் வாப்பா கபுரில் வருத்தப்படுவார்" என்று இன்னொருவர். வார்த்தை தடித்துவிட்டது. ஓர் ஆலிமிடம் போனோம். மௌத்தானவருக்கு வரவேண்டிய கடனும் அவர் விட்டுப்போன சொத்துதான், அதைப் பொருந்திக்கொள்ள வேண்டுமானால் ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது, எட்டில் ஒரு பங்குள்ள உம்மா உட்பட ஒவ்வொரு வாரிசும் தத்தம் பங்கை மனம் ஒப்பி விட வேண்டும் என்றார். அவர் கொடுக்க வேண்டிய கடனைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டும் என்றும் சொன்னார். "அப்படி ஏதாவது இருக்கிறதா, நன்றாகப் பாருங்கள்."

இருந்தது. ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'கோழி அக்கா, நம்மிடம் வைத்தது 300, கொடுத்தது 180, மீதி 120' என்று இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். மற்றக் கணக்குகள் எல்லாம் நீல மை. இந்த 120-ஐ மட்டும் சிவப்பு மையில் இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார்.

2021 அக்டோபரில் மாநில எல்லைகள் திறந்து நடமாட்டம் பழைய நிலைக்கு வந்த பிறகு கிளம்பினோம். தோட்டத்து மக்கள் இப்போது ரந்தாவ் வீடமைப்புப் பகுதிகளிலும் சிரம்பான், நீலாய் பக்கமும் சிதறி இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்து இன்னொருவர் என்று விசாரித்து, கோழி அக்காவின் மகனை நீலாயில் கண்டுபிடித்தோம். அக்கா 2020 இறுதியில் காலமாகிவிட்டார். மகன் சொன்னார்: "கட மூடுனப்ப நாங்க ஜொகூருக்குப் போய்ட்டோம். 2019-ல அம்மாவ மறுபடி ரந்தாவுல கொண்டாந்து வச்சேன். அப்ப ஒரு கல்யாணத்துல பாய் என்னப் பாத்தாரு. 'அம்மா ரந்தாவுலதான் இருக்கா? பெருநா கழிச்சு வந்து பாக்குறேன்'னாரு. அம்மா ரொம்ப நாளு எதிர்பாத்துக்கிட்டிருந்தாங்க."

சகோதரர்களே, வாப்பா பார்க்கக் கேட்டது இடிந்துபோன வீட்டை அல்ல. வீடு இல்லை என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டது ஒரு மனுஷியைப் பார்க்க, ஒரு அமானிதத்தை ஒப்படைக்க. நாங்கள் 'அங்க என்ன இருக்கு' என்று கேட்டோமே தவிர, 'யாரைப் பாக்கணும் வாப்பா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது இருவருமே உயிரோடு இருந்தார்கள். அரைமணி நேரப் பயணம்.

120 வெள்ளியை நீட்டினோம். "அம்மாவே இத மறந்திருக்கும்" என்று மறுத்தார். நாங்கள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "இத வாங்குனாத்தான் பாய்க்கு நிம்மதின்னா வாங்கிக்கிறேன்" என்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு எங்களை உட்காரவைத்து, வெளியே போய்க் கடைத் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார். நம் வீட்டுப் பாத்திரத்தில் கொடுத்தால் இவர்கள் தயங்குவார்களோ என்று அவர் யோசித்தது எங்களுக்குப் புரிந்தது. தங்கைதான், "வீட்டுல உள்ள கிளாஸ்லயே ஊத்துங்கண்ணே" என்றாள்.

திரும்பி வரும் வழியில், பாக்கியைக் கேட்கலாம் என்று சொன்னவரே, "நாலாயிரத்த விட்டுடுவோம்" என்றார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டோம். "உங்க வாப்பா எப்பவோ பொருந்திக்கிட்டாரு, எனக்கென்ன" என்றது. நால்வரும் மனம் ஒப்பினோம்.

இந்தப் பொன்விழா நாளில் எங்களுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை, ஒரு வேண்டுகோள்தான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாப்பாவிடம், உம்மாவிடம், தாதாவிடம் கேளுங்கள்: "யாரைப் பாக்கணும்னு இருக்கு?" பதில் சொன்னால் அந்த வாரமே வண்டியை எடுங்கள். பெருநாளுக்குப் பெருநாள் 'மஆஃப் ஸாஹிர் பாத்தின்' என்று செய்தி அனுப்புகிறோம். யாரிடம் உண்மையாகவே பொருத்தம் கேட்க வேண்டுமோ, அவர் வாசலுக்கு நேரில் போகிறோமா? வாழ்க்கை ஒரு நிஃமத் என்கிறோம். அந்த நிஃமத்துக்கு ஷுக்ரு செய்வது என்பது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் விட வேண்டியதை விடவும் இருவரும் உயிரோடு இருக்கிற நாளைப் பயன்படுத்துவதுதான் என்று வாப்பாவின் புத்தகம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

போன மாதம் உம்மாவை ரந்தாவுக்குக் கூட்டிப் போனோம். செம்பனைக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொல்லி, "இந்த இடத்துலதான் அடுப்படி" என்று கையைக் காட்டியது. சரிதானா என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே ஐந்து நிமிடம்தான் நின்றோம். அதன் பிறகு ஊருக்குள் மேட்டு லயத்து முதல் வீட்டு அம்மாவோடு உம்மா மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது.

யா அல்லாஹ், எங்களை விட்டுப் பிரிந்தவர்களின் கபுரை விசாலமாக்குவாயாக. இருக்கிறவர்களை மதிக்கிற மனதை எங்களுக்குத் தருவாயாக. எவருடைய உரிமையும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக. ஆமீன்.

எங்கள் பேச்சில் குறை இருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள்.