நுண்குழாய்ச் சுவரின் வாயில்கள்



கொசு கடித்த இடம் சில நிமிடங்களில் தடித்துவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அத்தடிப்பிலுள்ள நீர் பெரும்பாலும் நம் குருதியிலிருந்தே கசிந்த நீராகும். மூடிய குழாய்க்குள் ஓடும் குருதியிலிருந்து நீர் வெளியேறுவது எங்ஙனம்?

நுண்குழாயின் உட்சுவர் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. அண்டை அணுக்களைக் கேட்ஹெரின் என்னும் புரதம் பிணைத்து நிற்கிறது. நீர், உப்பு, சர்க்கரை ஆகியவை இடையிலுள்ள நுண்ணிய வழிகளில் எளிதாகச் செல்லும். ஆல்புமின் போன்ற பெரும் புரதங்களோ பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அப்புரதங்களே நீரைக் குழாய்க்குள் ஈர்த்து வைக்கின்றன என்பதை 1896-இல் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார்.

ஆயினும், இச்சுவரை வெறும் வடிகட்டி என்று எண்ணிவிடலாகாது. அது இடமும் காலமும் அறிந்து திறக்கும் வாயில். மூளையில் அது மிக இறுக்கமானது. கல்லீரலில் துளைகள் நிறைந்தது. தோலில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சுரந்தால், அணுக்களுக்குள் கால்சியம் பெருகுகிறது. உள்ளிருக்கும் புரத இழைகள் சுருங்குகின்றன. பிணைப்புத் தளர்ந்து இடைவெளி தோன்றுகிறது. நுண்சிரைகளில் உண்டாகும் இவ்விடைவெளிகளை 1961-இல் மைனோ, பலாடி என்னும் இரு அறிஞர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு காட்டினர். புண்பட்ட இடத்திற்குக் குருதியிலுள்ள காப்புப் புரதங்கள் சென்று சேர இக்கசிவு உதவுகிறது. பின்னர் அணுக்கள் மீண்டும் நெருங்கி வாயிலை அடைத்துக்கொள்கின்றன.

வாயில் உடலெங்கும் ஒருங்கே தளர்ந்தால் என்னாகும்? கடுமையான டெங்குக் காய்ச்சலில் நேர்வது அதுவே. அந்நோய்க் கிருமி வெளிவிடும் ஒரு புரதம் கசிவை மிகுவிக்கிறது என்பதை 2015-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நீர் வெளியேறக் குருதி தடிக்கிறது, அழுத்தம் தாழ்கிறது, உயிருக்கே இடர் நேரலாம்.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகிறது. ஓரிரு நாட்கள் நீடிக்கிறது. ஆகவே, உடல் குளிர்ந்ததும் நோய் நீங்கியதென்று வாளாவிருத்தல் தகாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குருதிக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். உரிய அளவில் நீர்மம் ஏற்றிக் காலத்தை வென்றால், அவ்வாயில்கள் தாமே மீண்டும் மூடிக்கொள்ளும். அதுவரை உயிரைக் காப்பதே மருத்துவரின் பணி; காலத்தே அவரிடம் சேர்ப்பது நமது பணி.