வாரத்தில் இரண்டு மணி நேரம்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகள் மருந்தாகவும் கட்டிலாகவும் நோயாளிகளைச் சென்று சேருகின்றன. அதற்காக மனமார்ந்த நன்றி. இன்று காணிக்கைத் தட்டில் போட முடியாத ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். அது உங்கள் நேரம்.

நமது அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 1993ஆம் ஆண்டு, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் மருத்துவமனைக்கு எப்படி வருவார்? வலிக்கு மருந்து உண்டு. தனிமைக்கும் கடனுக்கும் மருந்து ஏது? ஆகவே மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். 16 மணி நேர வகுப்பு, செவிலியருடன் நான்கு நாள் நேரடிப் பயிற்சி. அதன்பின் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது சேவை. ஊரார் தந்த சிறு தொகைகளே பெரும்பாலும் செலவுக்கு உதவின. 2008இல் கேரள அரசு இப்பணியைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

இதனால் யாருக்கு என்ன பயன்?

முதலாவது, குடும்பத்துக்கு. பக்கவாதத்தால் கிடக்கும் கணவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவும் பகலும் அதைச் செய்யும் மனைவி எப்போது தூங்குவாள்? ஒரு தொண்டர் வந்து அமர்ந்தால் அவள் சற்றுக் கண்ணயரலாம், ரேஷன் கடைக்கும் போய் வரலாம்.

இரண்டாவது, ஊருக்கு. ஒரு வீட்டின் கஷ்டத்தைக் கண்ணால் கண்ட பிறகு தெரு சும்மா இருப்பதில்லை. ஒருவர் அரிசி தருவார். ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவார்.

மூன்றாவது, தொண்டருக்கு. நான் முதன்முதல் ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்றபோது ஆறுதல் சொல்வதாக எண்ணிப் பேசிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் உடன் வந்த செவிலியர், "ஐயா, அவர் ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் இடம் கொடுக்கவில்லை" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. அடுத்த வாரம் பேசாமல் அமர்ந்தேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். கேட்கக் கற்றது அன்றுதான். பின்னர் என் தாயார் படுக்கையில் விழுந்தபோது அந்தப் பாடமே எனக்குக் கைகொடுத்தது.

தொண்டர் மருத்துவருக்கோ செவிலியருக்கோ மாற்று அல்ல. வருவதாகச் சொல்லிவிட்டு வராமலிருப்பது, சொல்லாமலிருப்பதைவிடக் கொடிது. காத்திருப்பவருக்கு அந்த நாள் நீண்டது. ஆகவே கொஞ்சமாய்ச் சொல்லுங்கள். சொன்னதைத் தவறாமல் செய்யுங்கள்.

இன்று வீடு திரும்பும்போது உங்கள் தெருவை ஒருமுறை பாருங்கள். பல நாளாய்த் திறவாத ஒரு கதவு அங்கே இருக்கும். அதைத் தட்டுங்கள்.