சிரிக்க வைத்த இரும்பு மனிதன்

(‘காமிக்ஸ் நாயகர்களில் மனத்தில் நிற்பவர் பிரமிக்க வைத்தவரா, சிரிக்க வைத்தவரா?’ என்ற தலைப்பில் அம்பத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சிரிக்க வைத்தவரே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய நண்பர் இரும்புக்கை மாயாவியைத் தோளிலே தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசினார். 1972-ல் சிவகாசியிலே சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்போ முதல் புத்தகமே மாயாவிதான்னு சொன்னார். உண்மை. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சுடும், இரும்புக்கை மட்டும் தெரியும்னு சொன்னார். அதுவும் உண்மை. அதைப் படிச்சுட்டுப் பையன்கள் ப்ளக் பாயிண்ட்டிலே விரலை விடப் பார்த்தாங்கன்னு பெருமையா வேற சொன்னார். நண்பர் தலைமுடி நிக்கிற நிலையைப் பார்த்தா, அவரும் விட்டுப் பார்த்திருப்பார்னுதான் தோணுது. (சிரிப்பு)

நான் பேச வந்தது ஆர்ச்சியைப் பத்தி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனாலே சொல்றேன். ஆர்ச்சி ஒரு இரும்பு மனிதன், ரோபோ. 1952-ல் இங்கிலாந்திலே ‘லயன்’னு ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதோட முதல் இதழிலேயே பிறந்தவன். முதல்லே அவனுக்குப் பேச்சு கிடையாது. பட்டனை அமுக்கினா நடப்பான், அமுக்கினா நிப்பான். நல்ல மாப்பிள்ளை மாதிரி. (சிரிப்பு) அப்புறம் அவனுக்குப் பேச்சும் சொந்த மூளையும் குடுத்தாங்க. பேச்சு வந்ததும் என்ன ஆச்சு? அப்படியே பட்டிமன்றப் பேச்சாளர் ஆயிட்டான்! உலகத்திலே என்னைவிட்டா பலசாலி யாரு, அறிவாளி யாருன்னு ஒரே தற்பெருமை. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, சும்மா சொல்லக்கூடாது, உண்மையிலேயே பலசாலிதான். சதுரங்கத்திலே ஓரத்துல கோட்டை மாதிரி ஒரு காய் நிக்குமே, நாம யானைன்னு சொல்றோமே, அந்த வடிவத்திலே ஒரு கால இயந்திரம். அதிலே ஏறி எந்த யுகத்துக்கும் போவான். போன இடத்திலே முதல் வேலை, மார்தட்டுவான். ரெண்டாவது வேலை, எங்கேயாவது மாட்டிக்கிட்டு முழிப்பான். கூட வர்ற ரெண்டு சாதாரண மனுஷங்கதான் தலையிலே அடிச்சுக்கிட்டே வெளியே இழுக்கணும்.

தமிழ்லே 1984-ல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. ஆசிரியர் எஸ். விஜயன், முத்து காமிக்ஸ் சௌந்தரபாண்டியன் அவர்களோட மகன். முதல் இதழ் மாடஸ்டின்னு ஒரு பெண்மணி கதை. காமிக்ஸ்னா ஆம்பளைப் பசங்க சமாச்சாரம்னு நினைக்கிறவங்க இதைக் குறிச்சுக்கணும். கொஞ்ச நாள்லேயே ஆர்ச்சி வந்து சேர்ந்தான். வெள்ளைக்காரன் எழுதின தற்பெருமையைச் சிவகாசியிலே நல்ல தமிழ்த் தற்பெருமையா மாத்திட்டாங்க. அதை எங்க அம்பத்தூர் ஓ.டி.யிலே ஒரு பழைய புத்தகக் கடையிலே பாதி விலைக்கு வாங்கினவ நான். அட்டை கிழிஞ்சிருந்ததாலே எட்டணா குறைச்சார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்லே ஒரு சின்னப் பட்டறையிலே பவர் பிரஸ் ஓட்டினவர். எஸ்டேட்னா டீ எஸ்டேட் இல்லே, தொழிற்பேட்டை. அந்த மெஷினைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். கீழே ஒரு டை, மேலே ஒரு டை. நடுவிலே தகட்டைக் கையாலே வைக்கணும். காலாலே பெடலை மிதிச்சா மேலே இருக்கிறது டமார்னு இறங்கும். கையை எடுத்துட்டு மிதிக்கணும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஒரே ஒரு தடவை வரிசை மாறினா போதும். ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் இறங்கும்னு ஒரு ஏற்பாடு உண்டு. அப்போ கை உள்ளே இருக்கவே முடியாது. ஆபத்தான இயந்திரத்துக்கு மறைப்பு போடணும்னு 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே அப்போ சொல்லிச்சு. சட்டம் புத்தகத்திலே இருந்தது. பட்டறையிலே இல்லே.

1986-ல் அப்பாவோட வலது கையிலே ரெண்டு விரல் போச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பேசவே மாட்டார். பட்டரவாக்கம் பக்கம் ஏதாவது கம்பெனியிலே இரும்பு விழுற சத்தம் கேட்டாலே கையை மடியிலே மறைச்சுக்குவார். நான் ஆறாம் வகுப்பு. அவருக்குப் படிச்சுக் காட்டலாம்னு, நல்லதுன்னு நினைச்சு, எதை எடுத்தேன் தெரியுமா? நண்பரோட மாயாவி. ஆராய்ச்சிக்கூடத்து விபத்திலே கை போன ஒருத்தருக்கு இரும்புக்கை கிடைக்குது, அவர் பெரிய வீரர் ஆகிறார். எங்க அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமா வேற கதை உண்டா?

நாலு பக்கம் கேட்டார். “அவனுக்குக் கை போச்சு, சக்தி வந்துச்சு. எனக்கு விரல் போச்சு, என்னம்மா வந்துச்சு?”ன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

(அமைதி)

நடுவர் அவர்களே, மாயாவியைக் குறை சொல்லலே. நானும் ரசிச்சவதான். ஆனா அடிபட்டுக் கிடக்கிறவன் முன்னாலே வீரனைக் கொண்டுபோய் நிறுத்தினா, அவனுக்குத் தெம்பு வராது. வெட்கம்தான் வரும்.

பத்து நாள் கழிச்சு, அவருக்காக இல்லே, எனக்காகத்தான் திண்ணையிலே உட்கார்ந்து ஆர்ச்சியைச் சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தேன். அவன் மார்தட்டுறான், அடுத்த கட்டத்திலேயே மாட்டிக்கிறான். உள்ளேயிருந்து ஒரு குரல்: “இவன் எங்க போர்மேன் மாதிரியே பேசுறானே!” (சிரிப்பு) எழுந்து வந்துட்டார். “படி, படி, அப்புறம் என்ன சொல்றான் அந்தத் தகர டப்பா?” நான் படிக்கப் படிக்க, கட்டுப் போட்ட கையாலே முட்டியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். வலிக்குதுன்னு கத்துறார், மறுபடியும் சிரிக்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோட ஓடி வந்து, அவர் அழுறாரா சிரிக்கிறாரான்னு தெரியாம அப்படியே நின்னுட்டாங்க. (நீண்ட கைதட்டல்)

அதுவரைக்கும் இரும்புன்னா அவருக்கு யமன். அந்த யமனே வாய் ஓயாம பேசி, குப்புற விழுந்து, யாராவது தூக்கி விடுங்கன்னு நின்னா? அப்புறம் அதுகிட்டே எப்படிப் பயப்படுவார்? பயத்தை வீரன் ஒருத்தன் வந்து துரத்தினான்னு நண்பர் பேசினார். எங்க வீட்டிலே அதைத் துரத்தினவன் ஒரு கோமாளிங்க.

இங்கே ஒரு சின்னச் செய்தி. ஆர்ச்சி கதையை ஆரம்பிச்சு வெச்ச டெட் கோவன்தான், எதிரணித் தங்கை கொண்டாடினாரே ஸ்பைடர், அவனையும் ஆரம்பிச்சு வெச்சவர். அந்த ஸ்பைடர் கதையைப் பின்னாலே எழுதினவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைச்ச ரெண்டு பேரிலே ஒருத்தர்! சூப்பர்மேன் பறக்கிறதை எழுதின கை, தற்பெருமை பிடிச்ச ஸ்பைடரையும் எழுதிச்சு. ஆக, எதிரணி சொல்ற மாதிரி இது ஒண்ணும் மட்டமான வேலை இல்லே.

நாலு மாசம் கழிச்சு அப்பா வேலைக்குப் போனார். நஷ்ட ஈடு வந்து சேர்ந்ததுக்கு நடந்த கதை தனி. அதுக்கு இன்னொரு பட்டிமன்றம் வேணும். போனவருக்கு அதே மெஷின். கிட்டே போய் நின்னாராம். கை நடுங்கிச்சாம். அப்போ அந்த மெஷினைத் தட்டி, “என்னடா ஆர்ச்சி, சௌக்கியமா?”ன்னு கேட்டாராம். பக்கத்து மெஷின்காரர் சிரிச்சுட்டார். அன்னையிலிருந்து அந்தப் பட்டறையிலே அதுக்குப் பேரே ஆர்ச்சிதான். புதுசா வர்ற பையன்கள்கிட்டே, “ஆர்ச்சி வாய்க்குள்ளே கை விடாதே, அவன் பெரிய பீத்தல்காரன், நம்பாதே”ன்னு சொல்லித்தான் வேலை கத்துக் குடுத்தார். ரெண்டு பட்டன் ஏற்பாடு வேணும்னு முதலாளிகிட்டே போய் நின்ன நாலு பேரிலே அவரும் ஒருத்தர். ஒரு வருஷம் ஆச்சு, போட்டாங்க.

இன்னைக்கு அவர் இந்தக் கூட்டத்திலே மூணாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கார். பேரைச் சொல்லக் கூடாதுன்னு வீட்டிலேயே சத்தியம் வாங்கிட்டார். (கைதட்டல்) வரும்போது, “அந்தப் புத்தகத்தைக் கொண்டு போறியா?”ன்னு கேட்டார். இதோ, பையிலே இருக்கு. அட்டை அப்போவே இல்லே, இப்போ முதல் ஆறு பக்கமும் இல்லே. நடுவர் அவர்கள் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாலே ஒரு தடவை புரட்டிப் பார்க்கணும். திருப்பிக் குடுத்துடணும், ராத்திரி அப்பா கேட்பார்.