வெள்ளிக் காசும் அம்மாவின் கொலுசும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பாரதி பிறந்த எட்டயபுரம்தான் எனக்கும் ஊர். இன்ஜினீயரைப் பேசக் கூப்பிட்டால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு காசைப் பற்றிப் பேசப் போகிறேன். இதோ, கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

அமெரிக்க அரசு 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களையும் வரலாற்று இடங்களையும் பொறித்து 56 வகை வெள்ளிக் காசுகள் வெளியிட்டது. விட்டம் 3 அங்குலம். எடை 5 டிராய் அவுன்ஸ், அதாவது 155.5 கிராம். 99.9 சதவீதம் சுத்த வெள்ளி. எடையும் தரமும் விளிம்பிலேயே பொறித்திருக்கும். ஆனால் முகமதிப்பு வெறும் கால் டாலர்!

இது 2010-ல் வந்த யெல்லோஸ்டோன் பூங்கா காசு. வெந்நீர் ஊற்று பீறிட, முன்னால் ஒரு காட்டெருமை நிற்கிறது. முதலீட்டுக்கென வந்த இந்த வகையில் 33,000 காசுகள்தான் அடித்தார்கள். அபூர்வம், விலை ஏறும் என்றார்கள். அங்கே வேலை பார்த்தபோது வெள்ளி விலைக்கு மேல் நிறையவே கொடுத்து வாங்கினேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு நகைக்கடையில் காட்டினேன். என் முதலாண்டு ஹாஸ்டல் கட்டணத்துக்காக அம்மா கொலுசைப் போட்ட அதே கடை. பெரியவர் புரட்டிப் பார்த்தார். "எருமை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இங்கே எடைக்குத்தான் காசு" என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கொலுசுக்கும் அன்று எடைக்குத்தானே காசு கிடைத்தது?

நண்பர்களே, வெள்ளிக்கு எந்த ஊரிலும் விலை உண்டு. படத்துக்கு, அதை விரும்புகிறவர் இருக்கும் இடத்தில்தான் விலை. சேமிப்பு என்று இதை வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாத கணக்கு இது.

இன்னொன்று. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து, மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-லேயே வந்துவிட்டது. பவளப்பாறையும் கடல்பசுவும் உள்ள நம்ம கடல். அதை ஒருநாளும் போய்ப் பார்க்காதவன், யெல்லோஸ்டோன் படத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் 50-ஆம் ஆண்டுக்கு 2023-ல் நம் அரசும் 50 ரூபாய் நாணயம் வெளியிட்டது. நம்ம கடலுக்கும் ஒன்று வரட்டும்.

இந்தக் காசைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். இங்கேயே ஏலம் விடுங்கள். அடிவிலை இன்றைய வெள்ளி விலை. அதற்கு மேல் நீங்கள் கேட்பதெல்லாம் படத்துக்கு. வரும் தொகை ஒரு மாணவனின் ஹாஸ்டல் கட்டணமாகட்டும். ஒரு அம்மாவின் கொலுசாவது காலிலேயே கிடக்கட்டும்.