கொத்தளம் மாளிகையான கதை



நாம் முகவரியில் 'போர்ட்' என்று நாள்தோறும் எழுதுகின்றோம். கோட்டை எங்கே என்று பிள்ளைகள் வினவினால், கடற்கரையில் எஞ்சிய சில கற்களைக் காட்டி அமைகின்றோம். அக்கோட்டை என்னவாயிற்று என்பதையே இன்று சிறிது பேச விழைகின்றோம்.

1503-ஆம் ஆண்டில், சாமூதிரியின் படையெடுப்பினின்று மீண்ட கொச்சி மன்னரின் இசைவுடன் போர்த்துக்கீசியர் இங்கே அரண் அமைத்தனர். முதலில் அது தென்னந்தடிகளும் மண்ணும் கொண்ட வேலியே. கல் மதில் பின்னர் எழுந்தது. தம் அரசர் மானுவலின் பெயரை அதற்கு இட்டனர். 1663-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். வென்றவர் கோட்டையைப் பெருக்குவர் என்றே நாம் எண்ணுவோம். கணக்கறிந்த வணிகராகிய அவர்களோ சுருக்கினர்! மதில் நீண்டால் காவலர் மிகுவர். காவலர் மிகுந்தால் செலவு மிகும் அன்றோ?

அவர்தம் கொத்தளங்களுள் ஒன்று ஸ்ட்ராம்பர்க். அவ்விடத்தில் 1667-இல் எழுந்தது என்று கூறப்படும் இல்லமே கொத்தள பங்களா. வளைந்த முகப்பில் கொத்தளத்தின் சாயல் உண்டு. மேலே ஓட்டுக் கூரையும் மரத் தாழ்வாரமும். பீரங்கி நோக்கிய திசையில் காற்று வாங்க நாற்காலி இடப்பட்டது என்னலாம். அடியில் சுரங்க வழி உண்டு என்பர்; கண்டவர் எவருமிலர்.

1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806-இல் கோட்டையைத் தகர்த்தனர். காத்த மதில் வீழ்ந்தது. வாழ்வதற்கு ஏற்ற வீடு பிழைத்தது. உதவி ஆட்சியரின் இல்லமாக நெடுங்காலம் விளங்கிய அது, இன்று அருங்காட்சியகம். மட்டாஞ்சேரி அரண்மனையின் கதையோ வேறு. 1555-இல் போர்த்துக்கீசியர் மன்னருக்குக் கட்டித் தந்த அது தொடக்கத்திலேயே நாலுகெட்டு இல்லம். நடுமுற்றத்தில் பகவதி கோயிலும் உண்டு. ஒல்லாந்தர் செப்பனிட்டமையால், கட்டியவர் பெயர் மறைந்து 'டச்சு அரண்மனை' என்னும் பெயர் நிலைத்தது. உலக வழக்கம் அத்தகையது.

இக்கோட்டைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. ஒல்லாந்தர் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்குத் தமிழகத்திலிருந்து குடும்பங்களை வரவழைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. வீரர் சென்றனர், மதிலும் சென்றது. அக்குடும்பத்தார் வேலியில் நிலைத்தனர். 1976-இல் அமைந்த சலவைக் கூடத்தில் இன்றும் கஞ்சி காய்ச்சி, கரிப்பெட்டியால் தேய்த்து மடிக்கின்றனர். அவர்தம் இல்லங்களில் இன்றும் தமிழ் ஒலிக்கின்றது. அரசர் மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் இவர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

வரும் ஞாயிறன்று பிள்ளைகளைக் கொத்தள பங்களாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். திரும்பும் வழியில் வேலிக்கும் செல்வோம். அங்குள்ள முதியோர் நம்மைவிட நன்றாகக் கதை சொல்வர்.